நில்

கோத்தகிரியில் இரவு ஷிப்ட்.
மேல்மாடியில் இலை வாட ஓடும் காற்றாடிகள்.
எடைக்கணக்கு முடித்தால் எனக்கு மிஞ்சுவது
ஒன்றரை மணி நேரமும் பழைய மடிக்கணினியும்.
அதில் கட்டினேன் இந்த மலையை:
ஏழு நிரை, ஏழு நிரல்,
பட்டியலுக்குள் பட்டியலாக, லிஸ்ப்பில்.

மூலைக் கட்டம் தொழிற்சாலை வாசல்.
எதிர்மூலை என் வீட்டுக் கதவு.
நடுவில் தேயிலை, ஓடை,
ரேஷன் கடைக்குப் பின்னால் எரியாத தெருவிளக்கு,
நூற்றுப் பதினெட்டுப் படிகள்
(நான்கு கட்டத்தில் அடக்கிவிட்டேன், முழங்காலுக்குத் தெரியாமல்).
எங்கோ ஒரு காட்டெருமை.
ஆடுபவர் பனிக்குள் நடந்து வீடு சேர வேண்டும்.

கட்டம் போடுவது ஒரு ராத்திரி வேலை.
கட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதற்கு மார்கழி முழுக்கப் போயிற்று.
(அடுத்தது படி ஓடை) என்று எழுதினால்
ஓடைக்கு அடுத்தது படி என்பது அதற்கு விளங்காது.
போன வழியே திரும்பி வரலாம் என்பதைக்கூட
ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.
பக்கத்தில் எருமை என்றால் இங்கே வாடை.
வாடை இல்லையென்றால் பக்கத்தில் எங்கும் எருமை இல்லை.
இவ்வளவுதான் விதி.
கடைசி வரியில் பதினோரு அடைப்புக்குறிகள் மூட வேண்டும்.
ஒன்று குறைந்து
ஒரு ராத்திரி முழுக்க மலை திறந்தே கிடந்தது.

முதலில் ஆடியது இலை லாரி போஜராஜ்.
ஒற்றை விரலால் தட்டித் தட்டி
மூன்றாம் நிரைவரை வந்தவர் நிறுத்தினார்.
"தேயிலைக்குள்ள மாடு இல்லேங்குதே, எப்படித் தெரியும்?"

இருப்பதாக யாரும் அதனிடம் சொல்லவில்லை,
சொல்லாததெல்லாம் இல்லை, அதுதான் கணக்கு என்றேன்.
வெற்றுப் பட்டியலுக்கும் பொய்க்கும்
இந்த மொழியில் ஒரே சொல்: நில்.

"நில்லா? நம்ம பக்கம் அது
நிக்கச் சொல்ற வார்த்தையாச்சே."
டீயின் ஆடையை ஊதி ஒதுக்கினார்.
"பனியில கண்ணுக்குப் படாததை இல்லேன்னு வச்சிருந்தா
டானிங்டன் திருப்பத்துலயே
என் கணக்கு முடிஞ்சிருக்கும்."

மறுநாள் மூன்றாவதாக ஒரு குறி சேர்த்தேன்.
உண்டு, இல்லை, தெரியாது.
இயக்கியதும் நாற்பத்தொன்பதில்
நாற்பத்தாறு, தெரியாது.
தெரிந்தவை நான் நிற்கும் மூலையும்
வாடை இல்லாததால் ஒட்டிய இரண்டும்.
ஆட்டமாக அது படுமோசம்.
திரை முழுக்கச் சாம்பல் நிறம்.
போஜராஜ் எட்டிப் பார்த்து
"ஆங், இப்பத்தான் கோத்தகிரி" என்று
வண்டி எடுக்கப் போனார்.

ஐந்தரைக்கு நானும் இறங்கினேன்.
செல்போன் வெளிச்சம் பனியில் மோதி
என் ஸ்வெட்டர்மேலேயே திரும்பி விழுகிறது.
எண்ணிக்கொண்டே வருகிறேன்.
அறுபத்திரண்டாம் படியில்
வாடை.

விதி என்னுடையது, ஆகவே நின்றேன்.
இடதுபக்கம் தடுப்புச் சுவர். பின்னால் நான் வந்த வழி.
மிச்சம் இரண்டு கட்டம்: கீழ்ப்படி, வலப்புறத் தேயிலை.
ஏதோ ஒன்றில்தான்.
எதில் என்று சொல்ல இன்னொரு தகவல் வேண்டும்.
எங்கேயோ ஒரு நாய் குரைத்தது; தகவலாக அது தேறவில்லை.

பனி ஒரு முழம் நகர்ந்தது.
வெள்ளைக் காலுறை போட்ட முன்னங்கால்கள்
படியில்.
அதே காலுறையில் பின்னங்கால்கள்
செடிகளுக்குள்.
இடையில் இருட்டாக நீண்டுகிடந்தது ஒரு முதுகு.

ஒரு கட்டத்துக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு கட்டம்.
முதல் வரியே அதுதான் என் நிரலில்.
அதற்குமேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

அது மூச்சு விட்டது.
பனிக்குள் இன்னும் கொஞ்சம் பனி.
செல்போனை அணைத்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்,
அரை மணி நேரம்தான் விடுவார்கள்.
எனக்குத் தெரியும்.
அதற்குத் தெரியாது.